கடனாளியின் பணத்தில் முதற்பங்கு யாருக்கு?

பிரித்தானியாவில் கடனைத் திருப்பிச் செலுத்தத் திட்டம் வகுத்துத் தரும் சேவை இலவசமாகவே கிடைக்கிறது. அதே சேவையைக் கட்டணத்துக்கு விற்கும் வணிக நிறுவனங்களும் அதே நாட்டில் சட்டத்தின் அனுமதியோடு இயங்குகின்றன. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு வினா எழும். இலவசமாகக் கிடைப்பதை ஒருவர், அதுவும் கையில் பணமின்றித் தவிக்கும் ஒருவர், ஏன் விலை கொடுத்து வாங்குகிறார்?

விடை எளியது. இலவசமாகக் கிடைக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எவரையேனும் கேட்கவேண்டும். கேட்டால் கடன் இருப்பது வெளியே தெரிந்துவிடும். இந்த அறியாமையின் மீதும் இந்த அச்சத்தின் மீதுமே ஒரு வணிகம் நிற்கிறது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் இவ்விரண்டும் மற்றையோரிடத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருப்பதால், இவ்வணிகத்தின் கணக்கை வெளிப்படையாகப் பேசவேண்டிய தேவை எழுகிறது.

முதலில் இச்சேவை எதுவென்று தெளிவுபடுத்திக்கொள்வது நலம். கடனட்டை, வங்கி மிகைப்பற்று, தனிநபர் கடன், தவணைக்கு வாங்கிய பொருள் எனப் பலரிடம் பட்ட கடனுக்கு மாதந்தோறும் செலுத்தவேண்டிய தொகை வருமானத்தை மீறும்போது, 'கடன் மேலாண்மைத் திட்டம்' என்ற ஏற்பாட்டுக்குள் ஒருவர் நுழையலாம். அவருடைய வரவு செலவைக் கணக்கிட்டு, உணவுக்கும் வாடகைக்கும் போக எஞ்சுவது எவ்வளவு என்று பார்த்து, அந்த ஒரே தொகையை மாதந்தோறும் ஒரு நிறுவனம் பெற்று, கடன் கொடுத்த அனைவருக்கும் பங்கிட்டு அனுப்பும். வட்டியை நிறுத்துமாறும் தண்டக் கட்டணங்களைக் கைவிடுமாறும் கடன் கொடுத்தோரை அது கேட்டுக்கொள்ளும். பெரும்பாலானோர் இணங்குவர், ஆயினும் இணங்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இத்திட்டம் சட்டத்தால் பிணைக்கப்பட்ட ஒப்பந்தம் அன்று. கடன் கொடுத்தவர் விரும்பினால் வட்டியைத் தொடரலாம், நீதிமன்றமும் செல்லலாம். கட்டணம் வாங்கும் நிறுவனத்தின் திட்டத்துக்கு இதில் எந்தத் தனிப் பாதுகாப்பும் கிடையாது. இலவசத் திட்டத்துக்கும் விலை கொடுத்த திட்டத்துக்கும் சட்டத்தின் முன் ஒரே நிலைதான்.

அப்படியாயின் கட்டணம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது? இங்கேதான் பலரும் ஏமாந்து போகின்றனர். கட்டணத்துக்கென்று தனியாக எவரும் காசோலை எழுதுவதில்லை. கடனுக்கென்று செலுத்தும் மாதத் தொகையிலிருந்தே அது கழிக்கப்படுகிறது. செலுத்துபவர் தாம் செலுத்திய அத்தனையும் கடனைக் கரைக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார். உண்மையில் முதற்பங்கு இடையில் நிற்பவருக்குப் போகிறது, எஞ்சியதே கடனுக்குப் போகிறது. தொடங்குவதற்கு ஒரு கட்டணம், பின்னர் மாதந்தோறும் நிர்வாகக் கட்டணம் என்பதே வழக்கமான முறை. மாதக் கட்டணம் சில இடங்களில் குறித்த தொகையாகவும் சில இடங்களில் செலுத்தும் பணத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்றும் அமையும்.

எண்களை வைத்துப் பார்த்தால் இதன் பாரம் விளங்கும். ஒரு குடும்பத்துக்கு 12,000 பவுண்கள் கடன் என்று கொள்க. வட்டி முற்றாக நிறுத்தப்பட்டுவிட்டது என்றும், மாதம் 150 பவுண்கள் செலுத்த இயலும் என்றும் கொள்க. இலவசத் திட்டத்தில் 80 மாதங்களில், அதாவது 6 ஆண்டுகள் 8 மாதங்களில் கடன் தீரும். இதே குடும்பம் கட்டணம் வாங்கும் நிறுவனத்தை நாடுகிறது. முதல் 6 மாதங்கள் செலுத்தும் தொகையில் பாதியைத் தொடக்கக் கட்டணமாகவும், அதன்பின் மாதம் 35 பவுண்களை நிர்வாகக் கட்டணமாகவும் அந்நிறுவனம் எடுக்கிறது. முதல் 6 மாதங்களில் செலுத்தியது 900 பவுண்கள், கடனில் குறைந்ததோ 450 பவுண்கள். எஞ்சிய 11,550 பவுண்களை மாதம் 115 வீதம் தீர்க்க மேலும் 101 மாதங்கள் ஆகும். மொத்தம் 107 மாதங்கள். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். நிறுவனத்துக்குப் போன கட்டணம் ஏறக்குறைய 4,000 பவுண்கள். பட்ட கடனில் மூன்றிலொரு பங்கு!

இதில் எந்த மோசடியும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கூறப்பட்ட கட்டணமே வாங்கப்பட்டது, ஒப்பந்தத்தில் கையொப்பமும் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால், கடன் தீரும்போது அப்பிள்ளை பல்கலைக்கழக வாசலில் நிற்கும். இலவசத் திட்டத்தில் இருந்திருந்தால் உயர்நிலைப் பரீட்சைக்குப் படிக்கும் காலத்திலேயே வீட்டில் கடன் என்ற சொல் ஓய்ந்திருக்கும். இரண்டேகால் ஆண்டுகளை ஒரு குடும்பம் தன் அறியாமைக்கு விலையாகக் கொடுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வட்டி முழுவதுமாக நிறுத்தப்படாத நிலையில் இக்கணக்கு மேலும் கொடுமையாகும். கடனுக்குப் போய்ச்சேரும் தொகை சிறுத்துப்போனால், அது வட்டிக்கே போதாமல், மாதந்தோறும் பணம் செலுத்திக்கொண்டே கடனை வளர்க்கும் விந்தையும் நிகழக்கூடும். கட்டணத்தின் அளவைவிட அது எந்தப் பணத்திலிருந்து, எந்த வரிசையில் எடுக்கப்படுகிறது என்பதே இங்கு உயிரான வினா.

இலவசம் என்றவுடனே ஐயுறுவது தமிழரின் இயல்பு. விலையில்லாத பொருளுக்குத் தரமும் இராது என்று எண்ணுவோர் ஏராளம். ஆகவே இலவசச் சேவைக்கு யார் பணம் தருகிறார் என்பதையும் சொல்லியாகவேண்டும். ஸ்டெப்சேஞ்ச் என்னும் தொண்டு நிறுவனம் 1993-இல் வேறொரு பெயரில் தொடங்கி 2012-இல் இப்பெயரைப் பெற்றது. அதற்கான நிதியில் பெரும்பகுதியைத் தருவோர் கடன் கொடுத்த வங்கிகளும் நிதி நிறுவனங்களுமே. கடனாளி செலுத்தும் 150 பவுண்களும் கடனிலிருந்து முழுமையாகக் கழிக்கப்படும். அந்தச் சேவையின் செலவுக்கான பங்களிப்பை வங்கி தன் பக்கத்திலிருந்து கொடுக்கும். நஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகியனவும் கடனாளியிடம் ஒரு பென்னிகூட வாங்குவதில்லை. வணிக நிறுவனமாக இருந்தும் கடனாளியிடம் கட்டணம் வாங்காமல், கடன் கொடுத்தோரின் பங்களிப்பிலேயே இயங்கும் பேபிளான் போன்றனவும் உள்ளன. ஆக, 'வேலைக்குக் கூலி வேண்டாமா?' என்ற கேள்விக்கு விடை உண்டு. கூலி வேண்டும். அதைக் கடன் கொடுத்து இலாபம் பார்த்தவர் கொடுக்கட்டும் என்பதே இந்நாட்டில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாடு கண்முன்னே இருக்கையில் கடனாளியின் சட்டைப்பையில் கைவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அரசின் கண்காணிப்பு இதைத் தடுக்கவில்லையா என்றால், தடுக்க முயன்றது, ஆனால் பாதி வழியிலேயே நின்றுவிட்டது என்பதே உண்மை. 2010-இல் அப்போதைய நியாய வணிக அலுவலகம் கடன் மேலாண்மைத் துறையை ஆராய்ந்து, 129 நிறுவனங்களுக்கு உரிமம் பறிபோகும் என்று எச்சரிக்கை விடுத்தது. அப்போது கண்டறியப்பட்ட முறைகேடுகளில் முதன்மையானது, கட்டணம் வாங்கிக்கொண்டே தம் சேவையை இலவசம் என்று விளம்பரப்படுத்தியமை. 2014 ஏப்ரலில் இப்பொறுப்பு எஃப்.சி.ஏ. என அறியப்படும் நிதி நடத்தை ஆணையத்துக்கு மாறியது. 2015-இல் அந்த ஆணையம் வெளியிட்ட ஆய்வு, வணிக நிறுவனங்கள் வழங்கிய ஆலோசனையின் தரம் ஏற்கத்தகாத அளவுக்குத் தாழ்ந்திருப்பதாகக் கண்டது. அதன்பின் பல நிறுவனங்கள் அனுமதி பெற இயலாமலோ விரும்பாமலோ இத்துறையை விட்டு வெளியேறின.

எஞ்சியிருப்பவற்றுக்கு ஆணையம் விதிகளை வகுத்துள்ளது. வாடிக்கையாளருடனான முதல் தொடர்பிலேயே இலவச ஆலோசனை கிடைக்கும் என்பதைத் தெளிவாகக் கூறவேண்டும். முதல் மாதத்திலிருந்தே செலுத்தும் தொகையில் குறைந்தது பாதியாவது கடன் கொடுத்தோரைச் சென்றடையவேண்டும். பாதியாவது! பசித்தவனுக்கு அனுப்பிய சோற்றில் கொண்டுபோகிறவன் பாதிக்குமேல் தின்னலாகாது என்று விதி வகுத்துவிட்டு, அதைப் பாதுகாப்பு என்று பெயரிட்டு அழைப்பது போலிருக்கிறது இது.

கடலுக்கு அப்பால் இதைவிடக் கடுமையான விதிகள் உள்ளன. அமெரிக்காவில் தொலைபேசி வழியே கடன் நிவாரணச் சேவை விற்போர், குறைந்தது ஒரு கடனையேனும் தீர்த்து வைக்குமுன் கட்டணம் வாங்கலாகாது என்ற விதி 2010 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. தமிழர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராரியோவில் கடன் தீர்வு நிறுவனங்கள் முன்கட்டணம் வாங்குவது 2015 ஜூலை முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. கையொப்பமிட்டபின் மனம் மாறினால் விலகிக்கொள்ள 10 நாள் அவகாசமும் அங்கு உண்டு. அங்கெல்லாம் வேலை முடிந்தபின்னரே கூலி என்ற நெறியைச் சட்டம் ஓரளவேனும் ஏற்றிருக்கிறது. பிரித்தானியாவோ கூலியில் இவ்வளவுதான் முன்னால் எடுக்கலாம் என்று பேரம் பேசி நிறுத்திக்கொண்டது.

மாதக் கட்டணத்தைவிட ஆழமான இன்னொரு பள்ளம் ஐ.வி.ஏ. என்பது. 1986-ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டத்தில் இடம்பெற்ற இது, நீதிமுறை வலுவுள்ள ஒப்பந்தம். வழமையாக ஐந்தாண்டுகள் செலுத்தியபின் எஞ்சும் கடன் தள்ளுபடியாகும். தக்கவருக்கு இது நல்ல வழியே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதனை நடத்தும் நொடிப்பு வல்லுநரின் கட்டணமும் கடனாளி செலுத்தும் பணத்திலிருந்தே எடுக்கப்படுகிறது, அதுவும் தொடக்க மாதங்களிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. இரண்டாம் ஆண்டில் வேலை பறிபோய் ஒப்பந்தம் முறிந்தால், அதுவரை செலுத்தியது பெரும்பாலும் கட்டணமாகவே கரைந்திருக்கும். கடன் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆயினும் ஐ.வி.ஏ.-க்குள் தள்ளப்பட்டோர் பலர். காரணம், அவர்களை அனுப்பி வைத்த இடைத்தரகருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு கிடைத்தது. 'இலவச ஆலோசனை' என்று தொலைபேசியில் பேசிய அந்த இனிய குரலுக்கு, அழைத்தவரை இலவசத் திட்டத்துக்கு அனுப்பினால் ஒன்றும் இல்லை, ஐ.வி.ஏ.-க்கு அனுப்பினால் பணம். வரவு செலவுக் கணக்கைத் திரித்து, தகுதியற்றவரையும் தகுதியுள்ளவராக்கிக் காட்டிய நிகழ்வுகளை எஃப்.சி.ஏ. கண்டறிந்தது. இறுதியில் 2023-இல் அத்தகைய தரகுக் கட்டணத்துக்குத் தடை விதித்தது. அத்தடைக்கு முன்னர் எத்தனை வீடுகளில் இவ்வொப்பந்தம் நுழைந்ததோ, அவற்றில் சில இன்னும் ஐந்தாண்டு முடியாமல் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். ஆதலால் இது பழங்கதை அன்று.

இப்படித் தள்ளப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் தேவைப்பட்டது டி.ஆர்.ஓ. எனப்படும் கடன் நிவாரண ஆணையாக இருந்திருக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009 முதல் நடைமுறையில் உள்ள இதில், வீடோ பெருஞ்சொத்தோ இல்லாத, மாதம் 75 பவுண்களுக்கு மேல் மிஞ்சாத ஒருவரின் கடன் பன்னிரண்டு மாதங்களின்பின் தள்ளுபடியாகிறது. முன்பு இருந்த 90 பவுண்கள் விண்ணப்பக் கட்டணம் 2024 ஏப்ரலில் நீக்கப்பட்டது. கடன் வரம்பு அதே ஆண்டு ஜூனில் 30,000-இலிருந்து 50,000 பவுண்களாக உயர்த்தப்பட்டது. அதாவது, வாடகை வீட்டில் வாழ்ந்து குறைந்த ஊதியம் பெறும் ஒருவர், ஒரு பென்னியும் கொடாமல் ஓராண்டில் வெளிவரக்கூடிய கடனுக்கு, பத்தாண்டு மாதக்கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கக்கூடும்! இதை அவரிடம் சொல்வதால் வணிக நிறுவனத்துக்கு என்ன இலாபம்? சொல்லாமல் இருப்பதில்தான் இலாபம். 2021 மே முதல் நடைமுறையில் உள்ள 60 நாள் மூச்சுவிடு காலமும் இத்தகையதே. கடன் ஆலோசகர் வழியாக விண்ணப்பித்தால் அக்காலத்தில் பெரும்பாலான வட்டியும் நடவடிக்கைகளும் நிறுத்தப்படும். அதுவும் இலவசமே.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு எவரும் படிக்கத்தக்கவாறு கிடக்கின்றன. பின் ஏன் தமிழ் வீடுகளை எட்டுவதில்லை? மானம் என்ற ஒரு சொல்லே தடை. சீட்டுக்குப் பணம் கட்டத் தவறினால் ஊரே அறியும் என்பதால், கடனட்டையில் பணமெடுத்துச் சீட்டுக் கட்டுவோர் உண்டு. பூப்புனித நீராட்டு விழாவை மண்டபம் எடுத்து நடத்திவிட்டு ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டுவோர் உண்டு. ஊரில் தங்கையின் திருமணத்துக்கு அனுப்பிய பணம் இலண்டனில் எவருடைய கடனட்டையிலிருந்து போனது என்பதைத் தங்கை அறியாள். இத்தகையவர் கோயிலில் சந்திக்கும் நண்பரிடம் வாய் திறப்பாரா? திறவார். முகம் தெரியாத ஒரு குரல் தொலைபேசியில், 'கவலை வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எவருக்கும் தெரியாது' என்று சொன்னால் அதுவே தெய்வ வாக்காகிவிடுகிறது. கட்டணம் என்று எழுதப்பட்டிருப்பது உண்மையில் இரகசியத்தின் விலை. அந்த இரகசியமோ இலவச நிறுவனங்களிலும் அதே அளவு காக்கப்படுகிறது!

இளையோர் இதை வேறு கோணத்தில் அறிவர். வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுவதும் தொலைபேசியில் அம்மாவின் பெயரில் பேசுவதும் பல வீடுகளில் பிள்ளைகளின் வேலை. கடன் கடிதம் மட்டும் ஒளித்துவைக்கப்படும். பிள்ளை அறிந்தால் படிப்புக் கெடும் என்பது பெற்றோரின் நினைப்பு. அந்த அன்பைப் பழிப்பதற்கில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்துச் சிற்றெழுத்தை வாசிக்கக்கூடிய ஒரே ஆளையும் வெளியே நிறுத்திவிட்டுக் கையொப்பம் இடப்படுகிறது என்பதைப் பெற்றோர் எண்ணிப்பார்க்கவேண்டும்.

பிள்ளையே தேடிக் கண்டுபிடித்தாலும் ஆபத்து நீங்கிவிடாது. தேடுபொறியில் 'கடன் உதவி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் மேலே வருவது சிறந்த விடை அன்று. பணம் கொடுத்து வாங்கப்பட்ட இடம். தொண்டு நிறுவனத்தின் பெயரை ஒத்த பெயரும் நிறமும் கொண்டு ஏமாற்றும் தளங்களைப் பற்றி ஸ்டெப்சேஞ்ச் பன்முறை எச்சரித்திருக்கிறது. 'அரசு ஆதரவுடன் கடன் தள்ளுபடி' என்று மின்னும் விளம்பரங்களில் பெரும்பாலானவை எண்ணையும் பெயரையும் வாங்கி வேறெவருக்கோ கைமாற்றும் பொறிகளே. முகவரியைத் தானே தட்டி, அரசின் மனிஹெல்ப்பர் தளத்திலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு. நிறுவனத்தின் பெயரை எஃப்.சி.ஏ. பதிவேட்டில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். எனினும் பதிவேட்டில் இருப்பது அனுமதி உண்டு என்பதற்கே சான்று. கட்டணம் நியாயமானது என்பதற்குச் சான்று அன்று.

வணிக நிறுவனங்களின் சார்பாக ஒரு வாதம் உண்டு, அதைப் புறந்தள்ளலாகாது. இலவச நிறுவனங்களில் காத்திருக்கவேண்டும், மாலை நேரத்தில் ஆள் கிடைப்பதில்லை, தமிழில் பேச எவருமில்லை என்பதே அவ்வாதம். இதில் உண்மை இருக்கிறது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகங்களில் நெரிசல் உண்டு. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் ஏற்பாடு செய்யும் அலுவலகங்கள் இருப்பினும், கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் சில வாரக் காத்திருப்பின் விலை 4,000 பவுண்களா? தமிழில் பேசும் ஓர் ஆளுக்காக இரண்டேகால் ஆண்டு உழைப்பைக் கொடுப்பதா? அந்தக் குறையை நிரப்பவேண்டியவை தமிழ் அமைப்புகள். சனிக்கிழமைகளில் நூற்றுக்கணக்கான பெற்றோர் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கின்றனர். கோயில்களின் அறிவித்தல் பலகைகளில் நடன அரங்கேற்றங்களுக்கும் பொற்கடைகளுக்கும் இடமிருக்கிறது. அங்கே நஷனல் டெட்லைனின் தொலைபேசி எண்ணுக்கு ஒரு சாண் இடம் கொடுக்க என்ன தடை? கடன் தீர்க்கும் நிறுவனத்தின் விளம்பரத்தை ஏற்கும் தமிழ் வானொலியும் பத்திரிகையும், கட்டணம் எவ்வளவு என்பதை அவ்விளம்பரத்திலேயே சொல்லச்செய்யட்டும். சொல்ல மறுக்கும் விளம்பரத்தை மறுப்பதால் எந்த ஊடகமும் அழிந்துவிடாது.

ஏற்கெனவே கட்டணத் திட்டத்தில் இருப்போர் முதலில் நிறுவனத்திடம் கணக்கறிக்கை கேட்கவேண்டும். இதுவரை செலுத்தியது எவ்வளவு, கடன் கொடுத்தோருக்கு அனுப்பியது எவ்வளவு, கட்டணமாக எடுத்தது எவ்வளவு, ஒவ்வொரு கடனிலும் இன்று எஞ்சியது எவ்வளவு என்ற நான்கு எண்களும் எழுத்தில் வேண்டும். கடன் மேலாண்மைத் திட்டம் பிணைப்பற்றது என்பதால் அதிலிருந்து விலகி இலவச நிறுவனத்துக்கு மாறலாம். ஆனால் புதிய திட்டம் ஒழுங்காகும்வரை கடன் கொடுத்தோருக்கான செலுத்துகை இடையில் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ஐ.வி.ஏ.-யை மட்டும் அவ்வாறு முறித்துக்கொள்ளலாகாது, அதற்கு முன் இலவச ஆலோசகர் ஒருவரைக் கண்டே ஆகவேண்டும். இலவச உதவி உண்டென்று முதலிலேயே சொல்லப்படாதவர்கள், கட்டணம் தெளிவாக விளக்கப்படாதவர்கள் கடன் மேலாண்மை நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். இறுதிப் பதில் தர அதற்கு எட்டு வாரங்கள் உண்டு. பதில் வராவிடினும், வந்த பதில் நிறைவு தராவிடினும், நிதிக் குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம். இறுதிப் பதில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் செல்லவேண்டும் என்பதை மறக்கலாகாது. அங்கே முறைப்பாடு செய்வதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.